பேஃபிள் இல்லாத ஜாவா!

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ள ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்! இதில் கடைசி ஐட்டம் 1981-ல் அடிபட்டுப் போயிற்று. அந்த வருஷம் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டார். காலியான அந்த இடத்துக்கு என் சிபாரிசு... பேஃபிள் இல்லாத ஜாவா!

அதென்ன பேஃபிள் என்கிறீர்களா? சைலன்ஸருக்குள் உட்கார்ந்திருக்கும் ஓட்டை போட்ட குழாய். கோபமாக வந்த மாமாவைத் திண்ணையிலேயே உட்காரவைத்து, மோர் கொடுத்து, குரலைத் தணித்து அனுப்புவோமே... என்ஜின் புகைக்கு அந்த உபசாரத்தைச் செய்கிற ஆசாமி இதுதான்.

மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-ல் வண்டி தயாரிக்க ஆரம்பித்தது. 1973 முதல் யெஸ்டி என்று பெயர் மாறியது. 250 சி.சி., சிலிண்டர் ஒன்று, சைலன்ஸர் இரண்டு. டூ ஸ்ட்ரோக் ஆகையால் பெட்ரோலோடு ஆயிலும் சேர்த்துக் குடிக்கும். எரியாத ஆயில் கரியாகப் பேஃபிளில் அப்பிக்கொள்ள, வண்டி மேட்டில் திணறும். கழற்றி, நெருப்பில் சுட்டு, கரியைத் தட்டி மாட்டுவார்கள். இப்படிச் சுட்டுச் சுட்டே ஒருநாள் தகடு அப்பளமாக உதிரும்.

கம்பெனியில் கேட்கலாம் என்றால் 1996-லேயே கதவைச் சாத்திவிட்டார்கள். 2018-ல் ஜாவா பெயரில் புது வண்டி வந்தது வாஸ்தவம். ஆனால் அது ஃபோர் ஸ்ட்ரோக். தாத்தா பெயரை வைத்துக்கொண்ட பேரன். பேரன் செருப்பு தாத்தாவுக்குச் சேருமா?

"பேஃபிளைத் தூக்கிப் போட்டுட்டு ஓட்டினா என்ன பாய்?" என்று வேலூர் மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன்.

"இன்னா தம்பி, சத்தம் வந்தா ஸ்பீடு வந்துச்சுன்னு அர்த்தமா?" என்றார், ஸ்பேனரைக் கீழே வைக்காமலே.

விஷயம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் புகை வெளியேறும் வாசல் திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. சைலன்ஸரிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான் அது வாசல் வழியே ஓடிவிடாமல் உள்ளே தள்ளும். பேஃபிளை எடுத்தால் இந்தக் கணக்கு கெடும். இழுவை குறையும், பெட்ரோல் காசு புகையாகப் போகும். போதாததற்கு, 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி சைலன்ஸரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போலீஸ்காரர் அழுத்த அலை பற்றியெல்லாம் கேட்க மாட்டார்!

ஆகவே வீட்டிலேயே செய்துவிடலாம். முதல் பாடம் ஆம்பூரில் இருக்கிறது. அங்கே ஷூவின் மேல்பாகம் தைக்கத் தோலில் நேராகக் கத்தி வைப்பதில்லை. முதலில் அட்டையில் அளவு எடுப்பார்கள். நாமும் அப்படியே. பழைய பேஃபிள் எலும்புக்கூடாக இருந்தாலும் குப்பையில் போடாதீர்கள், அளவு அதில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, குழாயின் வெளி விட்டம் 26 மி.மீ., தகட்டின் கனம் 1 மி.மீ. என்றால் நடுக்கணக்கு 25. அதை 22/7-ஆல் பெருக்கினால் 78.5 மி.மீ. சொச்சம். தகட்டை அந்த அகலத்துக்கு வெட்டி, தட்டையாக இருக்கும்போதே ஓட்டை போட்டு, பிசிறை அரத்தால் ராவி, பிறகு இரும்புக் கம்பியில் வைத்து மரச்சுத்தியால் தட்டி உருட்ட வேண்டும். உருட்டியபின் ஓட்டை போடப் போனால் டிரில் வழுக்கும்.

எத்தனை ஓட்டை? இந்தக் குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 450 சதுர மி.மீ. ஐந்து மி.மீ. ஓட்டை ஒன்றுக்கு 20-க்குச் சற்றுக் குறைவு. ஆக, 24-க்குக் குறைந்தால் வண்டிக்கு மூச்சு முட்டும். அளவுக்கு மீறினால் ஊருக்குக் காது முட்டும்.

வெல்டிங்குக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஆள் தேட வேண்டியதில்லை. ஆலைப் புகையிலிருந்து தூசியைப் பிடிக்கும் ராட்சத யந்திரங்களைச் செய்கிற பெல் தொழிற்சாலை இருக்கும் ஊர்! துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை மட்டும் கொடுக்காதீர்கள். வெல்டிங் வைக்கும்போது கிளம்பும் புகை உடம்புக்குக் கெடுதல். சாதா இரும்புத் தகடு போதும்.

இந்த வட்டாரத்துக்கு 1996 இன்னொரு விதத்திலும் மறக்க முடியாத வருஷம். டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்துவிட்டது என்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், ஆகஸ்ட் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும், கழிவைச் சுத்தம் செய்ய வசதி இல்லையா, மூடு! தோல் ஏற்றுமதியால் டாலர் வருகிறது, வேலை கிடைக்கிறது என்பதையெல்லாம் கோர்ட் மறுக்கவில்லை. அதற்காக ஆற்றைக் கெடுக்க உரிமை கிடையாது என்றது.

யோசித்தால், சுத்திகரிப்பு நிலையமும் ஒரு பேஃபிள்தான். உள்ளே எதை வேண்டுமானாலும் ஓட்டு ராஜா... வெளியே விடுவதற்கு முன்னால் கொஞ்சம் அடக்கி விடு! ஆற்றங்கரையில் கோடிக்கணக்கில் செலவு பிடிக்கிற அந்த நியாயம், நம் வண்டியில் ஒரு முழத் தகட்டோடு முடிகிறது.

மாட்டியாயிற்றா? வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நண்பரைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்புங்கள். பள்ளிகொண்டா தாண்டி, மாதனூரும் தாண்டி, "மாப்ளே, பிரியாணிக்கு நிறுத்துடா... கத்தரிக்காய் தீர்ந்துடப் போவுது!" என்று அவர் சொல்வது உங்கள் காதில் தெளிவாக விழுந்தால்...

பேஃபிள் பாஸ்!