நீலத் தார்ப்பாயின் நிழல்

என் பெரியப்பா சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். பள்ளிக்கூடம் திறக்கும்போது அவர் கொண்டுவரும் வேஸ்ட் ஷீட்டுகள்தாம் எங்கள் நோட்டுகளுக்கு அட்டை. முருகன், லட்சுமி, பனிமலை, சிரிக்கும் குழந்தை. ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டுக்கு மட்டும் ஒரு வெளிநாட்டுச் சந்தை வாய்த்தது. கூடைகளோடு பெண்கள், தோளோடு தோள் இடிக்கும் நெரிசல். நீலம் ஒரு மயிரிழை விலகி விழுந்ததால் கழித்த தாள் அது.

பெரியப்பா அதன்மேல் லென்ஸை வைத்துக் காட்டினார். கூடையுமில்லை, முகமுமில்லை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வெறும் புள்ளிகள். "தள்ளி நின்னு பாருல, கண்ணு தானா சேத்துக்கிடும்" என்றார்.

கமீல் பிஸாரோ 1882இல் வரைந்த 'பொந்துவாஸ் கோழிச் சந்தை' அது என்பது பிற்பாடு ஒரு புத்தகத்தைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. பிஸாரோ வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. 1830இல் கரீபியத் தீவான செயின்ட் தாமஸில் பிறந்து, அப்பாவின் வியாபாரத்தில் வேலை பார்த்தவர். 1874 முதல் 1886 வரை நடந்த எட்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளிலும் படம் வைத்தவர் அவர் ஒருவர்தான். சில ஆண்டுகள் ஸெரா என்ற ஓவியரின் வழியில் புள்ளி புள்ளியாகவும் வரைந்தார். நிறத்தைப் பலகையில் குழைக்காமல் பார்ப்பவர் கண்ணுக்கே விட்டுவிட்டார். பெரியப்பா சொன்னதேதான்.

நிழலுக்கும் நிறமுண்டு என்று அந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் பிடிவாதமாக நம்பினார்கள். எங்கள் பக்கத்து வாரச்சந்தையில் அரைமணி நேரம் உட்கார்ந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரிசல் காட்டு வெயில் வெளுத்து விழும். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எல்லாமே நீலம். தக்காளி ஊதாவாகத் தெரியும். தராசைத் தூக்கும் அக்காவின் கன்னம்கூட நீலம். சாக்கில் குவித்த மிளகாய் வத்தல், வெயில் தொட்ட பக்கம் நெருப்பாகவும் மறுபக்கம் கருஞ்சிவப்பாகவும் கிடக்கும்.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டையராஜு வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அந்தப் படங்களுக்கு முன்னால் கும்பிட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அவை மேல் குறையே கிடையாது. ஆனால் இத்தனை கோடி காலண்டர் அடித்த ஊரில், சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு பஸ்ஸுக்கு ஓடும் அம்மாவை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை. பிஸாரோ சந்தைக்காரிகளைத் தூரத்துப் புள்ளிகளாக ஒதுக்கவில்லை. அவர்களைக் கொண்டே படத்தை நிறைத்தார். நம் ஊருக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்று நெஞ்சார ஆசைப்படுகிறேன்.

போன வாரம் வத்தல் கடை முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி, எத்தன கிலோ?"

"காரம் எப்படிக்கா?"

அவர் ஒரு வத்தலைக் கிள்ளி நீட்டினார். அதற்குள் வெயில் ஏறி நிழல் சுருங்கியிருந்தது. சாக்கைப் பிடித்து ஒரு முழம் உள்ளே இழுத்தார். எரிந்துகொண்டிருந்த சிவப்பெல்லாம் ஊதாவுக்குள் போனது.