ஒரே பெயர், ரெண்டு பூச்சி

பெயர் என்னவோ வெள்ளை ஈ. ஆனால் அது ஈயே கிடையாது! அசுவினி, மாவுப்பூச்சி வகையறா. இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். உடம்பிலும் இறக்கையிலும் மெழுகுப்பொடி அப்பியிருப்பதால் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான்.

மரவள்ளியில் இருப்பதையும் தென்னையில் இருப்பதையும் நம்மூரில் இந்த ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். மருந்துக்கடையில் போய் "வெள்ளை ஈக்கு மருந்து" என்று கேட்டால் எந்தப் பயிரில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விவசாயிக்குத்தான் நஷ்டம்.

முதலாவது, பெமிசியா டபாசி. பருத்தி, தக்காளி, வெண்டை, உளுந்து, மரவள்ளி என்று எதையும் விடாது. அளவு சுமார் 1 மில்லிமீட்டர். முட்டைக்கு ஒரு குட்டிக் காம்பு உண்டு. அதை இலைக்குள் செருகி வைக்கும். பொரிந்த குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து போய் ஒட்டிக்கொண்டால், இறக்கை முளைக்கும்வரை அதே இடம்தான். வெயில் காலத்தில் இத்தனையும் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். செடிக்குச் செடி இது மாறும். கத்திரியில் வேகமாக வளரும், கேரட்டில் இழுத்தடிக்கும். பருத்தியிலேயே ரோமம் அடர்ந்த ரகங்களில்தான் கூட்டம் அதிகம். பெண் பூச்சி துணை சேராமலேயே முட்டையிடும். அப்படிப் பிறப்பதெல்லாம் ஆண். (இயற்கையின் கணக்கே தனி!)

2015இல் பஞ்சாபின் பருத்தியை நாசமாக்கியது இதுதான். ஆனால் சாறு குடிப்பதை விடப் பெரிய வேலை ஒன்று இதற்கு உண்டு. வைரஸ் சுமப்பது. மரவள்ளித் தேமல், உளுந்தில் மஞ்சள் தேமல், தக்காளி இலைச்சுருள் எல்லாம் இது கொண்டுவந்து சேர்ப்பதுதான். ஆகவே வயலில் கொஞ்சம் பூச்சி இருந்தாலே ஆபத்து. மரவள்ளியில் நோய் கண்ட செடியின் கரணையையே மறுபடி நட்டால், பூச்சி வராமலே தேமல் வந்துவிடும்.

தென்னையில் இருப்பது வேறு கதை. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த சுருள் வெள்ளை ஈ, 2016இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது பொள்ளாச்சிப் பக்கம். மற்றதைவிடப் பெரியது, மந்தமானது. முட்டைகளைச் சுருள் சுருளாக இட்டு, மேலே மெழுகு தூவி வைக்கும். அது கழிக்கும் தேன் மாதிரியான கழிவு கீழ் ஓலைகளில் விழுந்து கரும்பூஞ்சணம் படரும். தோப்பே கரி பூசினமாதிரி இருக்கும். பார்க்கப் பயங்கரம்தான், ஆனால் மரம் சாவதில்லை.

பார்த்துப் பயந்தவர் கை வைப்பது பூச்சிமருந்தில். அங்கேதான் தப்பு. என்கார்சியா என்ற பொட்டு அளவுக் குளவி இந்தப் பூச்சியின் குஞ்சுக்குள்ளேயே முட்டையிட்டு அதைத் தின்று தீர்க்கும். மருந்து அடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து சாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சலாம். குளவி இல்லாத தோப்பில், குளவி உள்ளே வளரும் குஞ்சுகளோடு இருக்கும் ஓலைத்துண்டுகளை வேறு தோப்பிலிருந்து வெட்டி வந்து கட்டி விடுகிறார்கள். கட்டிய பிறகு அந்தத் தோப்பில் மருந்து டேங்கைத் தூக்கக் கூடாது.