ஒற்றைக் கயிறு

மலையேறப் போகிறேன் என்றதும் தேக்கா சந்தையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இந்த ஊர்ல ஏதுங்க மலை?" நியாயமான கேள்விதான். சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்தவற்றுள் மிக உயரமான புக்கிட் தீமாவே 163 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையைப் போல இரண்டு மடங்கு.

லிட்டில் இந்தியாவிலிருந்து ஹில்வியூவுக்கு ஒரே ரயில். நிலைய வாசலில் வழிகாட்டி நின்றிருந்தார். முப்பது வயதுத் தமிழர். வார நாள்களில் அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் தொங்கி வேலை பார்ப்பவர். "அங்க எனக்கு ரெண்டு கயிறுண்ணே. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். இங்க ஒத்தக் கயிறுதான்."

டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்குள் இருக்கும் பழைய கல்குவாரிதான் எங்கள் மலை. சாலைக்கும் கட்டடத்துக்கும் கருங்கல் வேண்டி வெடிவைத்துப் பிளந்த முகம். வெயிலும் மழையும் தேய்த்த பாறைபோல வழவழப்பாக இல்லை. விளிம்புகள் கூர்மையாக விரலில் பதிகின்றன. அதே காரணத்தால் கல் பெயர்ந்து விழவும் கூடும். தலைக்கவசம் போடாமல் பாறையை நெருங்க அவர் விடவில்லை.

உடனே ஏறிவிடுவோம் என்று நினைத்திருந்தேன். அவரோ தரையில் உட்கார்ந்து, கயிற்றை ஒரு முனையிலிருந்து முழம் முழமாக விரலிடையே ஓடவிட்டார். உள்ளே இழை நொந்திருந்தால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று மடங்குமாம். "கண்ணால பாத்தா தெரியாதுண்ணே." இதற்கே கால் மணி நேரம். அதற்குள் ஒரு குரங்கு என் பையை மோப்பம் பிடித்துவிட்டது.

பிறகு அவர் முன்னே ஏறினார். வழியில் பாறையில் பதித்திருந்த போல்ட்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே போய், உச்சியில் இரண்டு போல்ட்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு இறங்கினார். என் இடுப்பு வாரில் எட்டு வடிவ முடிச்சு போட்டதும் இழுத்துப் பார்த்தார். தன் இடுப்பு வாரின் பூட்டை என்னைச் சோதிக்கச் சொன்னார். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் விடவில்லை.

இரண்டு மாடி உயரத்தில் என் கால் தையல் மிஷின்போல நடுங்கத் தொடங்கியது. கை பாறையை விட மறுத்தது. கீழிருந்து சத்தம் போடாத குரல்: "பாறையை விட்டுட்டு கயித்துல உக்காருங்கண்ணே." ஏறுவதைவிட அதுதான் கடினம். விட்டேன். கயிறு நீண்டு கொடுத்ததில் அரை முழம் இறங்கினேன். வயிறு அங்கேயே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்த அவர் வலக்கை தொடையோரம் அப்படியே இருந்தது. பேசும்போதும், குரங்கை விரட்டும்போதும் அந்தக் கை மட்டும் நகரவேயில்லை.

உச்சியைத் தொட்டு இறங்கியதும் தூரத்தில் இடி. இன்னொரு முறை ஏறலாமே என்று கெஞ்சினேன். பதில் பேசாமல் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். நடையோரக் கூரையடியில் ஒதுங்கியபின், பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். கயிற்றுக்கென்று வைத்திருக்கும் கணக்கு அது. தேதி போட்டு, இரண்டு ஏற்றம், ஒருமுறை பாரம் தாங்கியது என்று எழுதி மூடினார்.