ஜாகை மாறியது, கம்பி மாறவில்லை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். ஜாகை மாற்றுவதை அவர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்கள் காலத்தில் அது அவ்வளவு பிரமாதமான காரியமாய் இருந்திராது. சட்டிபானைகளை வண்டியில் ஏற்றி, உப்பையும் மஞ்சளையும் முன்னால் அனுப்பி, நல்ல வேளை பார்த்துப் பாலைக் காய்ச்சிவிட்டால் போதும். புது வீடு நம் வீடாகிவிடும். சென்ற வைகாசியில் ஆம்பூரில் நாமும் பாலைக் காய்ச்சினோம். பாலும் நன்றாய்ப் பொங்கிற்று. ஆனால் வீடு நம் வீடாவதற்குப் பத்தொன்பது நாள் பிடித்தது.

ஆம்பூரைப் பற்றி நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரியாணியாலும் தோலாலும் பெயர் பெற்ற ஊர். 2019-ம் வருஷம் வரையில் வேலூர் ஜில்லாவில் இருந்தது. அதன் பிறகு திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாயிற்று. ஊர் நகராமலே ஜில்லா மாறிவிட்டது. நாமோ ஜில்லா மாறவில்லை, ஊர்கூட மாறவில்லை. கடைத்தெருவுக்கு அருகில் முப்பது வருஷம் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டபடியால், ரெட்டித்தோப்புப் பக்கம் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனோம். காக்கை பறந்தால் ஐந்து நிமிஷப் பிரயாணம். நடுவே சென்னையிலிருந்து ஜோலார்ப்பேட்டைக்குப் போகும் இரயில் பாதை கிடக்கிறது. அந்தத் தண்டவாளம் நமது சரித்திரத்தில் இவ்வளவு பெரிய ஸ்தானம் வகிக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

நமது தாயாருக்கு வயது எண்பத்தொன்று. கண் மங்கிவிட்டது, காது தெளிவாய் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து அவர் நேரம் அறிவதில்லை. காலையில் டெலிவிஷனில் பக்திப் பாட்டு வந்தால் காப்பி, ராசிபலன் சொன்னால் ஸ்நானம், பகல் செய்தி வந்தால் சாப்பாடு, மாலையில் தொடர்கதைகள். இரவு ஒன்பது மணிக்கு இண்டர்நெட் வழியாக மஸ்கட்டிலிருந்து பேரன் முகம் காட்டுவான். அவன் முகம் பெரிய திரையில் தெரிந்தால்தான் அவருக்குப் புலப்படும். கைத்தொலைபேசியில் காட்டினால், "ஏதோ எறும்பு மாதிரி இருக்கான்ப்பா" என்பார். பழைய வீட்டை விட்டு வர அவருக்கு இஷ்டமில்லை. "அங்கேயும் எல்லாம் இருக்கும்" என்று நாம் வாக்குக் கொடுத்து அழைத்து வந்தோம்.

முதல் நாள் மாலையே கேபிள்காரத் தம்பிக்குப் போன் செய்தோம். இருபது வருஷப் பழக்கம். தீபாவளி இனாம் வாங்கத் தவறியதில்லை. "பெட்டியை எடுத்து வந்துவிட்டோம், கம்பியைக் கொண்டுவந்து மாட்டப்பா" என்றோம். அவர் மிகவும் வருத்தத்துடன், "சார், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நம்ம லைன் கிடையாது. அது வேறே ஆளு ஏரியா" என்றார்.

அப்போதுதான் நமக்கு ஞானோதயம் பிறந்தது. 1995-ம் வருஷம் இந்திய சர்க்கார் கேபிள் டெலிவிஷன் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி கேபிள்காரர்கள் தலைமைத் தபாலாபீஸில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். 2025-ல்தான் அந்தப் பதிவு தபாலாபீஸை விட்டு மத்திய மந்திரி இலாகாவின் கைக்குப் போயிற்று. ஆனால் எந்தத் தெரு யாருடையது என்பதைப் பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே பேசி வகுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை ஒருவருடைய ராஜ்யம். அதற்கு மேல் இன்னொருவருடையது. அன்றியும், தண்டவாளத்தைக் கம்பி தாண்டவேண்டுமானால் இரயில்வேயின் அனுமதி வேண்டும். ஒரு பெட்டிக்காக அந்த அனுமதியை யார் கேட்கப் போகிறார்கள்?

"போகட்டும், இந்தப் பக்கத்து ஆளிடம் கேட்போம்" என்று கேட்டோம். அவர் நமது பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க கம்பெனிப் பெட்டி இல்லையே" என்றார். ஒரு கம்பெனியின் பெட்டிக்கு மற்றொரு கம்பெனியின் சமிக்ஞை புரியாது. பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண் ஒரு சந்தாதாரர் பெயரிலும் ஒரு கேபிள்காரர் கணக்கிலும் பதிவாகியிருக்கும். ஆகவே பழைய பெட்டியை ஒப்படைத்து, பாக்கி தீர்த்து, புதுப் பெட்டிக்கு எழுதிக் கொடுத்தோம். அது வேலூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

நிற்க. இண்டர்நெட்டின் கதை இதனினும் விசேஷமானது. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். "இடமாற்றம் மிகவும் சுலபம்" என்று ஓர் இனிய குரல் சொல்லிற்று. விண்ணப்ப எண்ணும் வந்தது. மூன்றாம் நாள் மெக்கானிக் ஒருவர் போன் செய்து, "சார், வீடு பூட்டியிருக்குதே?" என்றார். நாம் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம். விசாரித்ததில், அவர் நமது பழைய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்! விலாசத்தைத் திருத்தினோம். ஆறாம் நாள் இன்னொருவர் அதே பழைய வாசலுக்குப் போனார். அன்று மாலை, "உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது" என்று ஒரு செய்தி வந்தது.

பத்தாம் நாள் வந்த மூன்றாமவர்தான் விஷயத்தை விளக்கினார். இந்தக் காலத்து இண்டர்நெட் செம்புக் கம்பியில் வருவதில்லை; தலைமயிரைப் போல் மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளியாக வருகிறது. தெருவிலுள்ள சிறு பெட்டியில் அந்த ஒளி எட்டாகவோ பதினாறாகவோ பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. அதில் ஒரு வாய் காலியாக இருந்தால்தான் புதிதாய் ஒரு வீட்டுக்குக் கொடுக்க முடியும். நமது தெருப் பெட்டியில் எல்லா வாயும் நிரம்பிவிட்டன. 2017-ல் டிராய் கேபிள் டெலிவிஷனுக்கு வகுத்த விதிகளில் இடமாற்றத்துக்கு இடம் உண்டு. தொழில் நுட்ப வசதி இருக்கும் பட்சத்தில். இண்டர்நெட்டிலும் அதே கதைதான். அந்தப் "பட்சத்தில்" என்ற வார்த்தைக்குள் நமது தாயாரின் பத்தொன்பது நாளும் அடங்கிவிட்டன.

யோசித்துப் பார்த்தால் உலகத்தில் சில சௌகரியங்கள் மனிதனைப் பின்தொடர்கின்றன. சில, வீட்டோடு நின்றுவிடுகின்றன. தபாலாபீஸில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நமது கடிதம் புது வீட்டுக்கு வந்துவிடும். கைத்தொலைபேசி எண்ணோ, 2011 ஜனவரி முதல் தேசமெங்கும் கம்பெனியை மாற்றினாலும் நம்முடனேயே வருகிறது. பழைய ஆண்டெனா காலத்தில் குழாயைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். ஆகாயம் எல்லா வீட்டுக்கும் பொது. கம்பி அப்படியல்ல. அதற்கு நம்மைத் தெரியாது, சுவரைத்தான் தெரியும். முப்பது வருஷம் சந்தா கட்டியது நாமல்ல, நமது பழைய வாசற்படிதான் என்று தோன்றிற்று.

இந்தத் தத்துவங்களால் தாயாருக்கு யாதொரு பயனும் இல்லை. கறுத்த திரைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிற்று. "மணி என்னப்பா?" என்று அரை மணிக்கு ஒரு தரம் கேட்டார். ஐந்தாம் நாள், "நம்ம வீட்டுக்கு எப்போ போறோம்?" என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரிடம் அழைத்துப் போகலாமா என்றுகூட யோசித்தோம்.

ஆறாம் நாள் மாலை அடுத்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்கள். கணவர் தோல் மண்டியில் கணக்கர். வீட்டில் உருது பேசுகிறவர்கள். "அம்மா, தனியா ஏன் உட்கார்ந்திருக்கீங்க? ஏழு மணி நாடகம் போடுவான், வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். எண்பதுகளில் வெள்ளிக்கிழமை தோறும் ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியது நமது ஞாபகத்துக்கு வந்தது. அன்றிரவு தாயார் திரும்பி வந்தபோது கதையின் நாயகியைத் திட்டிக்கொண்டே வந்தார். டாக்டர் அவசியமில்லை என்று தெரிந்துகொண்டோம்.

பத்தொன்பதாம் நாள் தெருவில் இன்னொரு பெட்டி வைத்தார்கள், ஒளி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே கேபிளும் வந்திருந்தது. பேரன் பெரிய திரையில் சிரித்தான்.

பட்ட அநுபவத்தை நேயர்களுக்குச் சொல்லாமல் விடுவது தர்மமல்ல. வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்பதுபோல், எந்தக் கம்பெனியின் கம்பி அந்தத் தெருவில் இருக்கிறது, தெருப் பெட்டியில் வாய் காலியா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பது உத்தமம். இனிய குரலை நம்பவேண்டாம். பதினைந்து நாள் முன்னதாக எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். பெட்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வைப்புப் பண ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பெட்டியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். வயதானவர்கள் இருந்தால், புது வீட்டில் ஒளி வந்த பிறகே அவர்களை அழைத்து வாருங்கள்.

இப்போது நமது வீட்டில் எல்லாம் இருக்கிறது. ஆயினும் மாலை ஏழு மணிக்குத் தாயார் செருப்பைத் தேடுகிறார். "இங்கேயே ஓடுகிறதே, அம்மா!" என்றால், "தனியாப் பார்த்தா யாரைத் திட்டறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

நேற்று இண்டர்நெட் கம்பெனியிலிருந்து முதல் பில் வந்தது. பத்தொன்பது நாளுக்கும் சேர்த்துக் கட்டணம் போட்டிருந்தார்கள். விலாசத்தைப் பார்த்தோம். அவர்களைப் பொறுத்த வரையில் நாம் இன்னும் கடைத்தெருவில்தான் குடியிருக்கிறோம்.