திரி, கம்பி, புகை

விளக்குத் திரிக்குப் புது வேட்டி ஆகாதுன்னு எங்க வீட்டுல சொல்வாங்க. கஞ்சி போகாத துணி எண்ணெயை இழுக்காது. பல தடவை துவைச்சு நூல் நைஞ்ச வேட்டியைக் கிழிச்சுத் திரிச்சாத்தான் நின்னு எரியும். செடியிலேர்ந்து எடுத்த பஞ்சும் அப்படித்தான். அதுமேல மெழுகு மாதிரி ஒண்ணு இருக்கறதால தண்ணியில போட்டா மிதக்கும். மருந்துக் கடைப் பஞ்சு அந்த மெழுகை வேக வைச்சு எடுத்தது, அதனாலதான் தொட்டவுடனே உறிஞ்சுது.

இவ்வளவும் எதுக்கு சொல்றேன்னா, என் தம்பி மகன் இஞ்சினியரிங் மூணாவது வருஷம். "பெரியப்பா, பழைய பருத்தி வேட்டி இருந்தா ஒரு துண்டு குடுங்க, ப்ராஜெக்ட்டுக்கு வேணும்"னு கேட்டான். குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு கீரைக்குத் தண்ணி விடலாம்னு போனா, மோட்டார் கொட்டாயில உக்காந்து ஸ்க்ரூ டிரைவர் தண்டுல முடி மாதிரி கம்பியைச் சுத்திக்கிட்டிருக்கான். பக்கத்துல பஞ்சு, ஒரு சின்ன பாட்டில், லேப்டாப்லேர்ந்து உரிச்ச பேட்டரி செல். வேப்பாம். இ-சிகரெட்டைத்தான் அப்படிச் சொல்றாங்க. கடையில கிடைக்கலன்னு இவனே காயில் கட்டறான்.

கத்தலாம்னுதான் வாயைத் திறந்தேன். ஆனா வேலை சுத்தம். சுத்துக்குச் சுத்து ஒட்டி நிக்குது. அதனால பக்கத்துல உக்காந்து கேட்டேன். நம்ம விளக்கு மாதிரியேதான் இருக்கு. கம்பிச் சுருளுக்கு நடுவுல பஞ்சுத் திரி. திரியோட ரெண்டு முனையும் தைலத்துல முங்கியிருக்கும். பட்டனை அமுக்கினா கம்பி சூடாகி தைலம் ஆவியாகுது, அதை இழுக்கறாங்க. பஞ்சை இறுக்கித் திணிச்சா தைலம் ஏறாது, தளர்த்தி வைச்சா ஒழுகும். திரி காஞ்சா பஞ்சு கருகி தொண்டையில மிளகாய் வறுத்த மாதிரி அடிக்குமாம். மண்ணெண்ணெய் தீர்ந்த திரி ஸ்டவ் நாத்தத்தை அனுபவிச்சவங்களுக்கு இது புரியும். தைலத்துல முக்கால்வாசி கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால்னு ரெண்டு சரக்கு. கிளிசரின் ரொம்பச் சூடானா அக்ரோலின்னு ஒண்ணு வரும். எண்ணெய்ச் சட்டி கருகும்போது கண்ணு எரியுதே, அந்தப் புகையில இருக்கறது அதுதான்.

கம்பி எனக்குப் பழக்கமானது. ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு கரண்ட் அடுப்பு இருந்துச்சு. மண் தட்டுல பள்ளம், அதுல ஸ்பிரிங் மாதிரி நைக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்தது, அமெரிக்காக்காரர் ஆல்பர்ட் மார்ஷ் 1906ல காப்புரிமை வாங்கினது. இவன் கையில இருந்தது கேந்தல். அது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்தது, 1920கள்ல ஸ்வீடன்ல கண்டுபிடிச்சாங்க.

அடுப்புக் கம்பி அறுந்தா முனையை முறுக்கிச் சேர்த்து ஓட்டுவோம். ஒவ்வொரு தடவையும் கம்பி கொஞ்சம் குட்டையாகும். குட்டையானா தடை குறையும், கரண்ட் கூடும், அடுப்பு முன்னைவிடச் செவக்கும், அப்புறம் சீக்கிரமே மறுபடி அறுந்துடும். இதையேதான் இவன் தெரிஞ்சே செய்யறான். புகை அதிகமா வரணும்னு 0.2 ஓம்ல கட்டியிருக்கான். முழு சார்ஜ்ல செல் 4.2 வோல்ட். வகுத்துப் பாருங்க, 21 ஆம்ஸ். 1000 வாட் அடுப்பே 230 வோல்ட்ல நாலரை ஆம்ஸுக்கும் கம்மியாத்தான் இழுக்கும். வெந்நீர் ஹீட்டருக்குப் போடற பெரிய பிளக்கே 15 ஆம்ஸ்தான். அதுக்கும் மேலான கரண்ட்டை வாய்கிட்ட வைச்சிருக்கான். லேப்டாப் செல் அதுல பாதி கூட தாங்காது. அவன் கட்டினதுல ஃபியூஸும் இல்ல, சர்க்யூட்டும் இல்ல, பட்டன் நேரா செல்லுக்குப் போகுது. 2018ல அமெரிக்காவுல ஃப்ளோரிடாவில் வேப் வெடிச்சு ஒருத்தர் உசிரே போச்சு.

"ஓம்ஸ் விதி படிச்சவன் நீ, நான் சொல்லணுமாடா?"ன்னேன். பேசாம செல்லைக் கழட்டி என் கையில குடுத்துட்டான். அது சுலபமா முடிஞ்சுது. பாட்டில் விஷயம்தான் முடியல.

பாட்டில்ல நிக்கோட்டின், ஒரு மில்லிக்கு 12 மில்லிகிராம். வாசனை மாம்பழம்! நிக்கோட்டின்னா என்னன்னு விவசாயிக்குத் தெரியும். அரை கிலோ புகையிலையை நாலரை லிட்டர் தண்ணியில ஒரு நாள் ஊற வைச்சு, சோப்பு கரைச்சு சேர்த்து, ஆறேழு பங்கு தண்ணி விட்டு அடிச்சா அசுவினி சுருண்டு விழும். வேடசந்தூர் பக்கம் புகையிலை ஆராய்ச்சிக்குன்னே மத்திய அரசு நிலையம் வைச்சிருந்தாங்க. ஈரமான புகையிலையை அறுக்கறவங்களுக்கு அந்த விஷம் தோல் வழியாவே ஏறி வாந்தி, மயக்கம் வரும். இவன் அதை மாம்பழ வாசனையோட சட்டைப் பையில வைச்சிருக்கான். வீட்டுல என் பேத்திக்கு ரெண்டரை வயசு, கையில கிடைக்கறதெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

அவன் பக்கமும் சொல்லணும். சிகரெட்டை விடத்தான் இதுக்கு வந்தேன்னான். பொய்யா இருக்காது. இதை 2003 வாக்குல உருவாக்கின சீனாக்காரர் ஹோன் லிக் மருந்தாளுநர், அவரே புகை பிடிக்கறவர். எங்க அப்பா பீடியால கடைசி நாலு வருஷம் திண்ணையில உக்காந்தே தூங்கினார், படுத்தா மூச்சு வராது. அதனால சிகரெட்டை விடறேன்னு ஒருத்தன் சொன்னா எனக்கு அடிக்க மனசு வராது. ஆனா 2019ல அமெரிக்காவுல வேப் இழுத்தவங்க நுரையீரல் கெட்டு, 2020 பிப்ரவரி வரைக்கும் 68 பேர் செத்தாங்க. பெரும்பாலும் கஞ்சாத் தைலத்துல கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம்னு சொன்னாங்க. பேர் தெரியாத பாட்டில்ல என்ன கலந்திருக்குன்னு இவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

சட்டமும் இருக்கு. தமிழ்நாட்டுல 2018லயே தடை. 2019ல நாடு முழுக்க சட்டம் வந்தது. செஞ்சாலோ வித்தாலோ முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். பாகங்களைச் சேர்த்துப் பூட்டறதும் தயாரிப்புதான்னு அதுல இருக்கு. "நான் விக்கலியே பெரியப்பா"ன்னான். நாலு பசங்க கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்கன்னு அப்புறம் அவன் வாயாலேயே வந்தது. காம்பஸ் இன்டர்வியூ வர்ற வருஷத்துல கேஸ்ல மாட்டினா என்ன ஆகும்னு மட்டும் கேட்டேன். அந்த நாலு பேருக்கும் இல்லன்னு சொல்லிட்டான்.

புகையிலையை விடறவங்களுக்கு அரசாங்க இலவச நம்பர் இருக்கு, 1800-11-2356. அவன் போன்லேர்ந்து நானே போட்டுக் குடுத்துட்டு வெளியில வந்துட்டேன். கால் மணி நேரம் பேசினான். என்ன பேசினான்னு கேக்கல.

பாட்டிலைக் கொட்டிடலாம்னேன். ஒரேயடியா முடியாது, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறேன்னான். அதனால பாட்டிலும், ஒழுங்கான சர்க்யூட் இருக்கற பழைய பென் ஒண்ணும் இப்ப பூச்சி மருந்துப் பெட்டியில, சாவி என் அரைஞாண்ல. சட்டப்படி இது சரியான்னு கேக்காதீங்க. பேத்தி கைக்கு எட்டாம இருக்கணும், அவ்வளவுதான். தம்பிக்கு இன்னும் தெரியாது, சொல்ற பொறுப்பு பையனோடது, பொங்கல் வரைக்கும் டயம் குடுத்திருக்கேன். முதல்ல ஒரு நாளைக்கு ஆறு தடவை சாவி கேட்டு வந்தான். இப்ப காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. நேத்து சாயந்திரம் வரல. இன்னிக்கு நான் கீரைக்கட்டை கோயம்பேடு வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடியே வந்து நின்னுட்டான்.