வன்பொருள் கேட்காத பாடம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கையில் கொடுப்பது 'ஸ்னல்' என்ற மாதிரி நிரலைத்தான். அலெஸ்ஸாண்ட்ரோ ரூபினி, ஜொனாதன் கார்பெட், கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் மூவரும் எழுதிய 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' நூலின் மூன்றாம் பதிப்பு 2005-இல் வந்தது. அதில் நெட்வொர்க் டிரைவர்களுக்கான (நெட்வொர்க் வன்பொருளை இயக்கும் நிரல்களுக்கான) அத்தியாயம் முழுக்க இந்தச் சிறு நிரலைக் கொண்டே நடத்தப்படுகிறது. சில நூறு வரிகளுக்குள் ஒரு டிரைவரின் பிறப்பு, உழைப்பு, ஓய்வு எல்லாம் அடங்கிவிடும்.

அதன் முழு மதிப்பு மலேசியாவின் கேமரன் மலையில்தான் எனக்குப் புரிந்தது. பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் என் அக்கா மகன். கணினித்துறையில் படிக்கிறான். விடுமுறைக்கு வீடு வந்திருந்தவன், "மாமா, டிரைவர் எப்படி எழுதுறதுன்னு சொல்லிக் கொடுங்க" என்றான். அவனிடம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி. சோதித்துப் பார்க்கத் தனியே நெட்வொர்க் அட்டை கிடையாது. மழையும் மூடுபனியும் இறங்கினால் கைப்பேசி இணைப்பும் நிற்காது. நகரத்து ஆய்வகத்தில் இருப்பவை எதுவும் அங்கே இல்லை.

ஸ்னலுக்கு இவை எதுவும் தேவையில்லை. அது கணினியில் எஸ்என்0, எஸ்என்1 என இரண்டு நெட்வொர்க் முகப்புகளை உண்டாக்கும். அவற்றின் பின்னால் அட்டையும் இல்லை, கம்பியும் இல்லை. ஒன்றில் அனுப்பும் பாக்கெட் மற்றொன்றில் வந்து இறங்கும். ஆனால் இரண்டு முகவரிகளும் ஒரே கணினியுடையவை என்று தெரிந்தால், கெர்னல் பாக்கெட்டை உள்ளுக்குள்ளேயே முடித்துவிடும்; டிரைவரிடம் தரவே தராது. அதனால் அனுப்புபவர், பெறுபவர் இருவரின் ஐபி முகவரியிலும் மூன்றாம் எண்ணின் கடைசி பிட்டை ஸ்னல் மாற்றிவிடுகிறது. 192.168.0.1-இலிருந்து 192.168.0.2-க்குப் புறப்பட்ட பாக்கெட், மறுமுகப்பில் 192.168.1.1-இலிருந்து 192.168.1.2-க்கு வந்ததாக இறங்கும். முகவரி மாறியதால், பிழை சரிபார்க்கும் எண்ணான செக்சம்மையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடுகிறது.

இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' கட்டளையைக் கொடுத்ததும் பதில் வரத் தொடங்கியது. "அந்தப் பக்கம் யாருமே இல்லையே மாமா, யார் பதில் சொல்றா?" என்றான். பதில் சொல்வது அதே கெர்னல்தான். 192.168.1.2 தன் முகவரி என்பதால் பதில் எழுதுகிறது. திரும்பும் வழியில் டிரைவர் மறுபடி பிட்டை மாற்றுகிறது. இதைக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு அவனே வரைந்து முடித்தபோது, நெட்வொர்க் அடுக்குக்கும் டிரைவருக்கும் நடுவே எல்லை எங்கே ஓடுகிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த எல்லையில் ஒழுங்கு கடுமையானது. சாதாரண நிரல் தவறான நினைவகத்தைத் தொட்டால் அது மட்டும் நிற்கும். கெர்னலில் அதே தவறு கணினியையே நிறுத்திவிடலாம். அதனால் மெய்நிகர் கணினிக்குள்தான் பயிற்சி செய்யச் சொல்வேன். அனுப்பும் செயற்கூறு ஓடும்போது டிரைவர் உறங்கக் கூடாது. பாக்கெட்டை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டால், அதன் நினைவகத்தை விடுவிக்கும் பொறுப்பு டிரைவருடையது. விடுவிக்க மறந்தால் நினைவகம் கசிந்துகொண்டே போகும். இரண்டு முறை விடுவித்தால் கெர்னல் குலையும்.

நுணுக்கங்களும் உண்டு. பாக்கெட்டைப் பெறும்போது ஸ்னல் முதலில் இரண்டு பைட்டுகளை வெறுமையாக விடுகிறது. ஈதர்நெட் தலைப்பு 14 பைட். இரண்டு சேர்ந்தால் 16. ஐபி தலைப்பு சரியான எல்லையில் வந்து அமரும். ஸ்னல் தன் வன்பொருள் முகவரியின் முதல் பைட்டைச் சுழியமாக வைக்கிறது. ஒற்றைப்படை எண்ணில் தொடங்கினால் அது பலருக்கும் போகும் மல்டிகாஸ்ட் முகவரியாகிவிடும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருப்பதைப் பார்க்கப் பார்க்க, நிரலை வாசிக்கும் கண்ணே மாறுகிறது.

நான் மிகவும் மதிப்பது வேறொன்றை. பல மாதிரி நிரல்கள் எல்லாம் நல்லபடி நடக்கும் வழியை மட்டும் காட்டும். ஸ்னலில் 'லாக்கப்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் அவ்வப்போது வன்பொருள் மாட்டிக்கொண்டதுபோல் நிரல் நடந்துகொள்ளும். அனுப்பும் வரிசை நிற்கும். காலம் கடந்ததைக் கெர்னல் கண்டு டிரைவரை அழைக்கும். டிரைவர் மீண்டு எழ வேண்டும். கொழுந்து பறிக்கப் பழகும் பெண்ணுக்கு, எந்த இலையை எடுப்பது என்பதோடு மழை நாளில் சரிவில் கால் வழுக்காமல் நிற்பதையும் மூத்தவள் காட்டித் தருவாளே, அப்படிப்பட்ட பாடம் இது.

அந்த நிரல் 2.6.10 கெர்னலுக்காக எழுதப்பட்டது. 2009-இல் வெளியான 2.6.29-இல் டிரைவரின் செயற்கூறுகளைப் பதிவு செய்யும் முறையே மாறிவிட்டது. நூலில் உள்ளதை அப்படியே இன்று தொகுத்தால் பிழைகள் வரும். என் அக்கா மகனுக்கும் முதலில் வந்தன. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினான். இணைப்பு இல்லாத நேரங்களில், முன்பே இறக்கி வைத்திருந்த கெர்னல் மூலநிரலைத் திறந்து, இன்றைய டிரைவர்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று ஒப்பிட்டான். நகலெடுத்து ஒட்டியிருந்தால் கிடைக்காத அறிவு அது.

அந்த மூலநிரலில் 'டம்மி' என்ற சிறு டிரைவரை அவனுக்குக் காட்டினேன். நிக் ஹாலோவே 1994 மே மாதம் எழுதியது. எப்போதாவது மட்டும் இணைப்பு கிடைக்கும் கணினிக்கு, இணைப்பு இல்லாத வேளையிலும் தன் சொந்தப் பெயரில் தன்னையே அடைய ஒரு முகப்பு வேண்டும் என்பதற்காக அது பிறந்ததாக அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. மலையில் வாழ்பவனுக்கு அந்தத் தேவையை விளக்க வேண்டியதில்லை.

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் கேமரன் மலையின் தேயிலையில் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. கணினியில் தமிழுக்கு இடம்பிடித்துத் தந்தவர்களிலும் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் என்ற மலேசியத் தமிழர் முன்னால் நிற்கிறார். தோட்டத்துப் பிள்ளைக்குக் கெர்னல் எட்டாத உயரம் அல்ல. எட்டாமல் இருப்பது அவன் சிந்திக்கும் மொழியில் எழுதிய விளக்கம்தான். கெர்னல் ஆவணங்களின் மொழிபெயர்ப்புப் பகுதியில் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் இருக்கின்றன. தமிழ் இல்லை.

அந்தக் குறையைப் போக்கச் சட்டத் தடை எதுவும் கிடையாது. 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' நூல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் தமிழில் தரலாம். ஸ்னல் நிரலையும் உரியவர்களுக்கு நன்றி சொல்லி யாரும் மாற்றிப் பயன்படுத்தலாம். 2012 முதல் 'கணியம்' போன்ற இதழ்கள் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருவதால் வெளியிட இடமும் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் கோலாலம்பூரிலும் டிரைவர் எழுதியே சம்பளம் வாங்கும் தமிழர்களே, உங்களிடம் கேட்கிறேன். ஸ்னலை இன்றைய கெர்னலுக்குத் திருத்துங்கள். வரிக்கு வரி தமிழில் குறிப்பு எழுதுங்கள். எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள்.