தோள் வலியும் காந்தக் குழாயும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தோள் வலி இல்லாத ஆண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், காசிமேட்டில் மீன் கூடை சுமந்தவர், திருவொற்றியூர் பட்டறையில் சம்மட்டி அடித்தவர் எல்லோருக்கும் வலிக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். டாக்டரும் "கொஞ்ச நாள் வெயிட் தூக்காதீங்க" என்று மாத்திரை எழுதித் தருவார். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே வலி சிலருக்கு நுரையீரலின் உச்சியில் வளரும் கேன்சரால் வருகிறது. அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர் ஹென்றி பான்கோஸ்ட் 1924-லும் 1932-லும் இதைப் பற்றி எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் இந்தக் கட்டியை அழைக்கிறார்கள். இதில் ஆரம்பத்தில் இருமலே இல்லாமல் இருக்கலாம். தோளில் தொடங்கும் வலி கையின் உள்பக்கமாக இறங்கி சுண்டுவிரல் வரை போகும். விரல் மரத்துப்போகும். சிலருக்கு அதே பக்கத்துக் கண் இமை லேசாகத் தொங்கும். மூட்டை தூக்கி வந்த வலிக்கு இமை தொங்காது!

எக்ஸ்ரே எடுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. நுரையீரலின் மேல்பகுதி டி.பி.க்கும் பிடித்த இடம். நிழலைப் பார்த்ததும் டி.பி. என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு, அதற்குள் கேன்சர் முற்றிப்போன கதைகள் இந்தியா முழுக்க உண்டு.

சரி, கேன்சர் என்று சந்தேகம் வந்துவிட்டது. உடனே வீட்டில் சொல்வார்கள், "இருக்கிறதிலேயே பெரிய ஸ்கேனா எடுத்துடலாம் சார்." எம்.ஆர்.ஐ.யைத்தான் சொல்கிறார்கள். டாக்டர் சி.டி. போதும் என்றால், ஏழை என்பதால் மட்டமான ஸ்கேன் எழுதுகிறாரோ என்று சந்தேகப்படுவார்கள். பாவம், விஷயம் நேர்மாறானது. எம்.ஆர்.ஐ. உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜனை வைத்துப் படம் பிடிக்கிறது. நுரையீரலில் இருப்பதோ பெரும்பாலும் காற்று. போதாததற்கு மூச்சும் இதயத் துடிப்பும் படத்தை ஆட்டிவிடும். அதனால் நுரையீரலைப் பார்க்க சி.டி.தான் முதலில். கேன்சர்தானா என்று உறுதியாகச் சொல்வது பயாப்ஸி.

எம்.ஆர்.ஐ. ஜெயிப்பது இதே தோளில்தான். கைக்குப் போகும் நரம்புக் கற்றையின் அடி வேரை மட்டும் கட்டி தொட்டிருக்கிறதா, மேல் வேர்களுக்கும் ஏறிவிட்டதா, முதுகெலும்புக்குள் நுழைந்துவிட்டதா என்று அது காட்டும். ஆபரேஷன் செய்யலாமா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான். அடுத்தது மூளை. பெட் ஸ்கேனில் சர்க்கரையை உறிஞ்சும் இடமெல்லாம் ஒளிரும். மூளை எப்போதும் சர்க்கரை தின்றுகொண்டே இருப்பதால் அங்கே சின்னக் கட்டி தெரியாமல் போகலாம். அதை எம்.ஆர்.ஐ. கண்டுபிடிக்கும்.

முழு உடம்பையும் ஒரே எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் என்ன? பிரிட்டனில் 16 மருத்துவமனைகளில் நடந்து 2019-ல் வெளியான ஸ்ட்ரீம்லைன் ஆய்வு இதைத்தான் சோதித்தது. நோய் பரவியதைக் கண்டுபிடிப்பதில் வழக்கமான பரிசோதனைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் எந்த ஸ்டேஜ் என்று தெரிய 19 நாள் ஆவது 13 நாளானது, செலவும் குறைந்தது. எண்ணூரிலிருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவது நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், கூட வருபவருக்கும் சேர்த்து. ஆறு நாள் என்பது அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, வடசென்னைக்காரர்களுக்கென்றே. எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் ஒரு படிவத்தில் கேள்விகள் கேட்பார்கள். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் உலோகம் உண்டா, வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்ததுண்டா? கண்ணுக்குள் எப்போதோ தெறித்த இரும்புத் துணுக்கை அந்தக் காந்தம் நகர்த்திவிட்டால் பார்வையே போகலாம். கூட வந்த மகன் "அப்பா வாட்ச்மேன்" என்று சொல்லி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுவான். அவன் பிறப்பதற்கு முன் அப்பா பத்து வருஷம் பட்டறையில் கிரைண்டர் பிடித்தது அவனுக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டால் சொல்வார். கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவார்கள்.